நெட்வொர்க்கிங் தேர்வில் சறுக்கும் இடங்களைச் சரி செய்வது எப்படி?

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்குபவர்கள் எல்லாரும் படம் பார்க்கவும் மெயில் அனுப்பவும் மட்டும் அதை வாங்குவதில்லை. வீட்டில் ஒரு கம்ப்யூட்டர் இருந்தால், ஏதாவது ஒரு சான்றிதழ் தேர்வை எழுதி முடித்து நல்ல வேலைக்குப் போய்விடலாம் என்ற எண்ணமும் பலருக்கு இருக்கிறது. அவர்களில் நெட்வொர்க்கிங் துறையில் நுழைய விரும்புபவர்கள் முதலில் குறி வைப்பது சிஸ்கோ நிறுவனம் நடத்தும் சி.சி.என்.ஏ. தேர்வைத்தான்.

இந்தத் தேர்வுக்குப் படிக்கும் மாணவர்கள் சிலருக்கு மாலை நேரங்களில் நான் உதவி வருகிறேன். அவர்கள் என்னிடம் அடிக்கடி சொல்வது இதுதான்: "சார், புத்தகத்தை மூன்று முறை படித்துவிட்டேன். ஆனாலும் மாதிரித் தேர்வில் அதே மார்க்தான் வருகிறது." இப்படிச் சொல்பவர்கள் சோம்பேறிகள் இல்லை. தினமும் இரண்டு, மூன்று மணி நேரம் படிப்பவர்கள்தான். ஆனால் அந்த நேரத்தில் பெரும்பகுதியை ஏற்கனவே தெரிந்த பாடங்களிலேயே செலவழிக்கிறார்கள். தெரிந்ததைத் திரும்பப் படிப்பது சுகமாக இருக்கும். தெரியாததைத் தொட்டால் எரிச்சல் வரும். எனவே, கை தானாகவே தெரிந்த பக்கத்தைப் புரட்டுகிறது.

நமக்குப் பலவீனமான பகுதி எது என்று எப்படிச் சரியாகக் கண்டறிவது? கண்டறிந்த பின் அதை எப்படிச் சரி செய்வது? இவற்றை இந்தக் கட்டுரையில் பார்ப்போம். நீங்கள் சி.சி.என்.ஏ. எழுதவில்லை என்றாலும், உங்கள் வீட்டு இன்டர்நெட் இணைப்பு நின்று போகும்போது இதே முறை உங்களுக்குக் கை கொடுக்கும்.

தேர்வைப் பற்றிச் சில வார்த்தைகள்

சி.சி.என்.ஏ. தேர்வை சிஸ்கோ 1998-ஆம் ஆண்டு அறிமுகப்படுத்தியது. 2020 பிப்ரவரியில் 200-301 என்ற எண்ணுடன் புதிய பாடத்திட்டம் வந்தது. 2024 ஆகஸ்டில் அதில் சில திருத்தங்கள் செய்யப்பட்டன. தேர்வு நேரம் 120 நிமிடங்கள். பாடங்கள் 6 பிரிவுகளாக உள்ளன. ஒவ்வொன்றுக்கும் தரப்பட்டுள்ள பங்கு பின்வருமாறு:

நெட்வொர்க் அடிப்படைகள் - 20 சதவீதம்
நெட்வொர்க் ஆக்சஸ் (சுவிட்ச், விலான், வயர்லெஸ்) - 20 சதவீதம்
ஐ.பி. கனெக்டிவிட்டி (ரூட்டிங்) - 25 சதவீதம்
ஐ.பி. சர்வீசஸ் - 10 சதவீதம்
பாதுகாப்பு அடிப்படைகள் - 15 சதவீதம்
ஆட்டோமேஷன், புரோகிராமிங் - 10 சதவீதம்

நான்கு விடைகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் கேள்விகள் மட்டும் இதில் வருவதில்லை. ரவுட்டர், சுவிட்ச் ஆகியவற்றுக்கான கட்டளைகளை நாமே டைப் செய்து, நெட்வொர்க்கை வேலை செய்ய வைக்க வேண்டிய செய்முறைக் கேள்விகளும் உண்டு. மேலும், ஒரு கேள்வியை முடித்து அடுத்ததற்குச் சென்றுவிட்டால் பின்னால் திரும்பி வர முடியாது. இதனால்தான் மனப்பாடம் செய்தவர்கள் இங்கே தடுமாறுகிறார்கள்.

கட்டணமும் குறைவு இல்லை. 2020-இல் புதிய தேர்வு தொடங்கியபோது 300 டாலர், வரி தனி. நம் ரூபாயில் இருபதாயிரத்தைத் தாண்டிவிடும். கேபிள் இழுத்து, கேமரா பொருத்தி மாதம் பதினைந்தாயிரம் சம்பாதிக்கும் ஒரு இளைஞருக்கு இது ஒரு மாதச் சம்பளத்திற்கும் மேல். தோற்றால் ஐந்து நாட்கள் கழித்து மீண்டும் எழுதலாம். ஆனால் கட்டணத்தை மீண்டும் முழுதாகக் கட்ட வேண்டும். எனவே, "ஒரு தடவை எழுதித்தான் பார்ப்போமே" என்று போவது நம்மில் பலருக்குக் கட்டுப்படியாகாது.

உங்கள் கம்ப்யூட்டரில் ஒரு சோதனை

பலவீனத்தைத் தேடும் முறையை முதலில் உங்கள் கம்ப்யூட்டரிலேயே செய்து பார்த்துவிடலாம். இன்டர்நெட் வரவில்லை என்று வைத்துக் கொள்வோம். ஸ்டார்ட் மெனுவில் சி.எம்.டி. என்ற மூன்று ஆங்கில எழுத்துகளை டைப் செய்து என்டர் தட்டுங்கள். கமாண்ட் ப்ராம்ப்ட் என்ற கறுப்பு விண்டோ கிடைக்கும். அதில் கீழ்க்கண்டவற்றை ஆங்கிலத்தில் டைப் செய்து, வரிசையாகச் சோதியுங்கள்.

1. ஐபிகான்ஃபிக் எனக் கொடுங்கள். உங்கள் கம்ப்யூட்டரின் ஐ.பி. முகவரியும், டீபால்ட் கேட்வே என்ற பெயரில் உங்கள் ரவுட்டரின் முகவரியும் தெரியும். உங்கள் முகவரி 169.254 எனத் தொடங்கினால், ரவுட்டரிடமிருந்து கம்ப்யூட்டருக்கு முகவரி வந்து சேரவில்லை என்று பொருள்.

2. பிங் என டைப் செய்து, ஓர் இடைவெளி விட்டு 127.0.0.1 எனக் கொடுங்கள். இது உங்கள் கம்ப்யூட்டர் தன்னைத் தானே அழைத்துப் பார்ப்பது.

3. அடுத்து கேட்வே முகவரிக்கு பிங் கொடுங்கள். பதில் வந்தால் கம்ப்யூட்டருக்கும் ரவுட்டருக்கும் இடையே பாதை சரி.

4. அடுத்து 8.8.8.8 என்ற முகவரிக்குக் கொடுங்கள். இது கூகுளின் டி.என்.எஸ். சர்வர். பதில் வந்தால் வெளி உலகத்துடன் தொடர்பு உள்ளது.

5. கடைசியாக ஏதாவது ஓர் இணைய தளத்தின் பெயருக்குக் கொடுங்கள். நான்காவது சோதனையில் பதில் வந்து, இதில் அந்தப் பெயரைக் கண்டுபிடிக்க முடியவில்லை என்ற செய்தி வந்தால், பெயரை முகவரியாக மாற்றித் தரும் டி.என்.எஸ்.ஸில்தான் கோளாறு.

"இன்டர்நெட் வேலை செய்யவில்லை" என்று புலம்பிக் கொண்டிருந்தால் எதையும் சரி செய்ய முடியாது. ஐந்து படிகளில் எந்தப் படியில் பதில் நின்றது என்று தெரிந்தால், பாதி வேலை முடிந்தது. படிப்பிலும் இதே கதைதான். "எனக்கு ரூட்டிங் வராது" என்பது ஒரு புலம்பல். ரூட்டிங்கில் எந்தப் படியில் நிற்கிறீர்கள் என்பதுதான் தெரிய வேண்டும்.

ஒரு மாணவரின் கதை

என்னிடம் வந்த ஓர் இளைஞர் முதல் முறை தேர்வில் தோற்றவர். தேர்வு முடிந்ததும் கிடைக்கும் அறிக்கையில் ஒவ்வொரு பிரிவிலும் எடுத்த சதவீதம் இருக்கும். அவருக்கு ஐ.பி. கனெக்டிவிட்டியில் மிகக் குறைவு. "ஓ.எஸ்.பி.எஃப். எனக்குச் சுத்தமாக வரவில்லை சார்" என்றார். ஓ.எஸ்.பி.எஃப். என்பது ரவுட்டர்கள் தங்களுக்குள் பாதைகளைத் தெரிவித்துக் கொள்ளும் ஒரு முறை. அந்தப் பாடத்தை நான்கு முறை படித்திருந்தார். கேட்டால் வரிசையாகச் சொன்னார். ஹலோ செய்தி 10 விநாடிக்கு ஒரு முறை, 40 விநாடி வரை பதில் இல்லாவிட்டால் தொடர்பு துண்டிப்பு என்றெல்லாம் பிசகாமல் வந்தது.

அவரை ஒரு சிறு நெட்வொர்க்கை என் முன்னால் அமைக்கச் சொன்னேன். இரண்டு ரவுட்டர்கள். நடுவில் 192.168.10.64/26 என்ற நெட்வொர்க். ஒன்றின் முகவரி 192.168.10.125, மற்றதன் முகவரி 192.168.10.126. கட்டளைகளைத் தடையின்றி அடித்தார். ஆனால் இரண்டும் ஒன்றையொன்று கண்டுகொள்ளவில்லை.

காரணம் ஓ.எஸ்.பி.எஃப். அல்ல. அந்தக் கட்டளையில் வைல்ட்கார்டு மாஸ்க் என ஒன்று கொடுக்க வேண்டும். எந்த முகவரி வரை இந்தக் கட்டளை பொருந்தும் என்பதை அதுதான் ரவுட்டருக்குச் சொல்கிறது. /26 என்றால் ஒரு நெட்வொர்க்கில் 64 முகவரிகள். எனவே 0.0.0.63 எனக் கொடுத்திருக்க வேண்டும். அவர் ஒரு ரவுட்டரில் 0.0.0.31 எனக் கொடுத்துவிட்டார். இதனால் 64 முதல் 95 வரை உள்ள முகவரிகள் மட்டுமே சேர்ந்தன. 126 வெளியே நின்றுவிட்டது. அந்த இணைப்பில் ஓ.எஸ்.பி.எஃப். தொடங்கவே இல்லை.

ஆக, அவருடைய பலவீனம் ரூட்டிங்கில் இல்லை. அதற்குப் பல பாடங்களுக்கு முன்னால் வரும் சப்நெட் கணக்கில் இருந்தது. ஓ.எஸ்.பி.எஃப். பாடத்தை இன்னும் பத்து முறை படித்தாலும் அது சரியாகியிருக்காது. ஆறு வாரங்கள் அடிப்படையிலிருந்து பயிற்சி செய்துவிட்டு மீண்டும் எழுதினார். தேர்ச்சி பெற்றார்.

பலவீனத்தைக் கண்டறிய ஒரு நோட்டு

ஒரு நாற்பது பக்க நோட்டு போதும். மாதிரித் தேர்வு எழுதும்போதும், செய்முறைப் பயிற்சி செய்யும்போதும் தவறிய ஒவ்வொன்றையும் அதில் ஒரு வரியில் எழுதுங்கள். பாடத்தின் பெயரை மட்டும் எழுதாமல், ஏன் தவறியது என்பதையும் பக்கத்தில் குறியுங்கள். பெரும்பாலும் அது கீழே உள்ள ஐந்தில் ஒன்றாக இருக்கும்.

1. எனக்குத் தெரியவே தெரியாது.
2. படித்தேன், மறந்துவிட்டது.
3. தெரியும், ஆனால் நேரம் அதிகம் ஆகிறது.
4. கேள்வியைத் தவறாகப் புரிந்து கொண்டேன்.
5. செய்தேன், ஆனால் வேலை செய்கிறதா எனச் சரிபார்க்கவில்லை.

குருட்டாம் போக்கில் சரியாக அமைந்த விடைகளையும் இந்த நோட்டில் தவறாகவே கணக்கிடுங்கள். தேர்வில் அதே அதிர்ஷ்டம் வரும் என்று சொல்ல முடியாது.

இரண்டு வாரங்கள் எழுதினால் ஒரு விஷயம் புலப்படும். இருபது வெவ்வேறு தவறுகள் என நினைத்தவை, மூன்று அல்லது நான்கு காரணங்களில் அடங்கிவிடும். முதல் காரணத்திற்கு மட்டும்தான் புத்தகம் மருந்து. மற்ற நான்குக்கும் வேறு வேறு மருந்துகள் தேவை.

எதை முதலில் எடுப்பது?

எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் சரி செய்ய முயலாதீர்கள். ஒரு சிறு கணக்குப் போடுங்கள். ஆட்டோமேஷன் பிரிவில் நீங்கள் 40 சதவீதம், ரூட்டிங்கில் 60 சதவீதம் எடுப்பதாக வைத்துக் கொள்வோம். பார்த்தால் ஆட்டோமேஷன்தான் மோசம். ஆனால் அதன் பங்கு 10. அதில் நீங்கள் இழப்பது 6. ரூட்டிங்கின் பங்கு 25. அதில் இழப்பது 10. எனவே ரூட்டிங்கையே முதலில் எடுக்க வேண்டும். இது தோராயக் கணக்குதான். ஆனாலும் எங்கே உழைத்தால் பலன் அதிகம் என்பதைக் காட்டிவிடும்.

இன்னொன்றையும் பாருங்கள். சில பாடங்கள் வீட்டின் அஸ்திவாரம் போன்றவை. சப்நெட் கணக்கு தடுமாறினால் ரூட்டிங், அனுமதிப் பட்டியல் எனப்படும் ஏ.சி.எல்., முகவரிகளை வழங்கும் டி.எச்.சி.பி. என எல்லாமே ஆடும். அஸ்திவாரப் பாடத்தில் குறை இருந்தால், பங்கு எவ்வளவு என்று பார்க்காமல் அதையே முதலில் எடுத்துவிடுங்கள்.

ஒவ்வொரு குறைக்கும் ஒரு மருந்து

மறதிக்கு: மீண்டும் படிக்காதீர்கள். புத்தகத்தை மூடிவிட்டு, நினைவில் இருப்பதை வெள்ளைத் தாளில் எழுதுங்கள். பிறகு திறந்து ஒப்பிடுங்கள். 2006-இல் அமெரிக்காவில் ரோடிகர், கார்ப்பிக்கி என்ற இரு உளவியலாளர்கள் மாணவர்களை வைத்து இதைச் சோதித்தார்கள். ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டபோது, திரும்பத் திரும்பப் படித்தவர்கள் முந்தினார்கள். ஒரு வாரம் கழித்துக் கேட்டபோது, படித்ததை நினைவுபடுத்தி எழுதிப் பார்த்தவர்கள் முந்தினார்கள். தேர்வு உங்களுக்கு ஐந்து நிமிடத்தில் வரப்போவதில்லை. எனவே எழுதிப் பார்த்ததை அடுத்த நாள், மூன்றாம் நாள், ஏழாம் நாள் என இடைவெளி விட்டு மீண்டும் எழுதிப் பாருங்கள்.

நேரம் அதிகம் ஆவதற்கு: கடிகாரத்தை முன்னால் வைத்துக் கொண்டு சிறு பயிற்சிகளைச் செய்யுங்கள். எடுத்துக்காட்டாக, 172.16.45.14/20 என்ற முகவரி எந்த நெட்வொர்க்கைச் சேர்ந்தது? /20 என்பதால் மூன்றாவது எண் 16, 16 ஆகத் தாவும். 0, 16, 32, 48 எனப் போகும்போது 45 என்பது 32-க்கும் 48-க்கும் நடுவில் விழுகிறது. எனவே நெட்வொர்க் 172.16.32.0. அதன் கடைசி முகவரி, அதாவது பிராட்காஸ்ட், 172.16.47.255. இதைப் போல் தினமும் பத்துக் கணக்குகள் போடுங்கள். முதல் நாள் ஒரு கணக்குக்கு இரண்டு நிமிடம் ஆகலாம். அரை நிமிடத்திற்குள் வரும்வரை விடாதீர்கள். காலையில் காபி ஆறுவதற்குள் பத்தும் முடிந்துவிடும்.

கேள்வியைத் தவறாகப் படிப்பதற்கு: தமிழ் வழியில் படித்தவர்களிடம் இதை நான் அதிகம் பார்க்கிறேன். பாடம் நன்றாகத் தெரியும், ஆங்கிலக் கேள்வி குழப்பிவிடும். இதற்கு வெட்கப்பட ஒன்றும் இல்லை. கேள்வியைப் படித்தவுடன் விடைகளைப் பார்க்காமல், "என்ன கேட்கிறார்கள்?" என்பதைத் தமிழில் ஒரே வரியில் உங்களுக்கு நீங்களே சொல்லிப் பாருங்கள். இரண்டு விடைகளைத் தேர்ந்தெடுக்கச் சொல்கிறார்களா, பொருந்தாததைக் கேட்கிறார்களா என்று கவனியுங்கள். பயிற்சியின்போது ஒவ்வொரு கேள்விக்கும் இதைச் செய்தால், தேர்வு நாளில் தானாகவே வந்துவிடும்.

சரிபார்க்காததற்கு: ஒவ்வொரு கட்டளைத் தொகுப்பை முடித்ததும் அதற்குரிய ஷோ கட்டளையைக் கொடுத்துப் பாருங்கள். முகவரி கொடுத்தால் "ஷோ ஐபி இன்டர்ஃபேஸ் ப்ரீஃப்". விலான் அமைத்தால் "ஷோ விலான் ப்ரீஃப்". ஓ.எஸ்.பி.எஃப். அமைத்தால் "ஷோ ஐபி ஓஎஸ்பிஎஃப் நெய்பர்". சிஸ்கோ ரவுட்டரின் இன்டர்ஃபேஸ்கள் முதலில் மூடியே இருக்கும். "நோ ஷட்டவுன்" எனக் கொடுத்துத்தான் அவற்றைத் திறக்க வேண்டும். இதை மறந்தவர்களுக்கு முதல் ஷோ கட்டளையே காட்டிக் கொடுத்துவிடும்.

செய்முறைப் பயிற்சிக்கு எங்கே போவது?

பழைய ரவுட்டர்களை விலை கொடுத்து வாங்க வேண்டியது இல்லை. சிஸ்கோ தன் நெட்வொர்க்கிங் அகாடமி மூலம் பாக்கெட் ட்ரேசர் என்ற புரோகிராமை இலவசமாகத் தருகிறது. அங்கே பெயரைப் பதிவு செய்து டவுன்லோட் செய்து கொள்ளலாம். ரவுட்டர், சுவிட்ச், கேபிள் எல்லாம் திரையில் படங்களாகக் கிடைக்கும். எடுத்து வைத்து இணைத்து, உண்மையான கருவியில் டைப் செய்வது போலவே கட்டளைகளைக் கொடுக்கலாம். இதில் சிமுலேஷன் என்ற வசதியும் உள்ளது. அதைத் தேர்ந்தெடுத்தால் தகவல் பொட்டலம் ஒரு கவர் போல ஒவ்வொரு கருவியாக நகர்வதையும், எங்கே நின்று போகிறது என்பதையும் கண்ணால் பார்க்கலாம்.

இதை வைத்து நான் மாணவர்களுக்குத் தரும் பயிற்சி ஒன்றைச் சொல்கிறேன். நன்றாக வேலை செய்யும் ஒரு நெட்வொர்க்கை அமைத்து பைலாகச் சேமியுங்கள். அதைப் பத்துப் பிரதிகள் எடுங்கள். ஒவ்வொரு பிரதியிலும் ஒரே ஒரு இடத்தைக் கெடுத்து, வெறும் எண்களை மட்டும் பெயராக வைத்துச் சேமியுங்கள். ஒன்றில் சப்நெட் மாஸ்க்கை மாற்றுங்கள். ஒன்றில் விலான் எண்ணை மாற்றுங்கள். ஒன்றில் ஓ.எஸ்.பி.எஃப். ஏரியா எண்ணை மாற்றுங்கள். ஒன்றில் அனுமதிப் பட்டியலின் வரிசையை மாற்றுங்கள். அந்தப் பட்டியலின் முடிவில், கண்ணுக்குத் தெரியாமல் "மற்ற அனைத்தையும் தடு" என்ற வரி ஒன்று எப்போதும் உண்டு என்பதை இங்கே நன்றாகக் கற்றுக் கொள்வீர்கள்.

ஒரு வாரம் கழித்து ஏதாவது ஓர் எண்ணைத் திறந்து கோளாறைக் கண்டுபிடியுங்கள். அதற்குள் எதில் எதைக் கெடுத்தோம் என்பது மறந்திருக்கும். இரண்டு நண்பர்கள் சேர்ந்து படித்தால் இன்னும் நல்லது. ஒருவர் கெடுத்ததை மற்றவர் சரி செய்யலாம். கேபிள், முகவரி, விலான், ரூட்டிங் எனக் கீழிருந்து மேலாகத் தேடுங்கள். கமாண்ட் ப்ராம்ப்ட்டில் செய்த அதே ஐந்து படிகள்தான், கொஞ்சம் பெரிய அளவில்.

இவற்றைத் தவிர்த்துவிடுங்கள்

தேர்வில் வந்த கேள்விகள் என்று சொல்லி, விடைகளுடன் விற்கப்படும் தொகுப்புகளை நம்பாதீர்கள். அவற்றைப் பயன்படுத்துவது சிஸ்கோவின் தேர்வு விதிகளுக்கு எதிரானது. பிடிபட்டால் சான்றிதழே ரத்தாகலாம். அதைவிட முக்கியமான காரணம் ஒன்று உண்டு. வேலைக்கு நேர்முகத் தேர்வில் ஒரு ரவுட்டரை முன்னால் வைத்து, "இது ஏன் வேலை செய்யவில்லை?" என்று கேட்டால் அந்தத் தொகுப்பு அங்கே வந்து உதவாது.

அதேபோல் ஒரே மாதிரித் தேர்வைப் பல முறை எழுதி, மார்க் கூடியதும் மகிழ்ந்துவிடாதீர்கள். விடை எந்த வரிசையில் இருக்கிறது என்பது உங்களுக்கு மனப்பாடம் ஆகியிருக்கும். சரி செய்துவிட்டதாக நினைக்கும் பாடத்தைப் புதிய கேள்வியிலும், வேறு பாடங்களோடு கலந்தும் சோதித்துப் பாருங்கள். ரூட்டிங் பயிற்சிக்கு நடுவே திடீரென ஒரு விலான் கோளாறு வந்தாலும் திகைக்காமல் இருந்தால்தான் அது உண்மையில் சரியாகியிருக்கிறது என்று பொருள்.

இந்த வாரம் என்ன செய்யலாம்?

திங்கட்கிழமை ஒரு மாதிரித் தேர்வு எழுதி, தவறுகளைக் காரணத்துடன் நோட்டில் குறியுங்கள். அவற்றில் அஸ்திவாரமான ஒன்றை மட்டும் எடுத்துக் கொள்ளுங்கள். செவ்வாய் முதல் வெள்ளி வரை தினமும் முக்கால் மணி நேரம் அதற்கு மட்டும் ஒதுக்குங்கள். முதல் கால் மணி எழுதிப் பார்க்க, மீதி அரை மணி பாக்கெட் ட்ரேசரில் செய்து பார்க்க. சனிக்கிழமை, கெடுத்து வைத்த பைல்களில் மூன்றைத் திறந்து சரி செய்யுங்கள். ஞாயிறு ஓய்வு. அடுத்த திங்கட்கிழமை புதிய மாதிரித் தேர்வு எழுதி, நோட்டில் எந்தக் காரணம் குறைந்திருக்கிறது என்று பாருங்கள்.

நோட்டில் தவறுகளின் பட்டியல் நீளும்போது மனம் சோர்ந்துவிட வேண்டாம். அதில் நீங்கள் எழுதும் ஒவ்வொரு வரியும், பணம் கட்டி எழுதும் தேர்வில் நடக்க வேண்டிய தவறு ஒன்று உங்கள் வீட்டு மேசையிலேயே செலவில்லாமல் நடந்து முடிந்ததற்கான கணக்குதான்.